மைக் செட்காரன் சொல்கிறேன், மைக் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக இசை தினத்தன்று எந்தெந்த இடத்தில் இலவசமாகப் பாட்டுக் கேட்கலாம் என்று போன ஜூன் மாதம் உங்கள் நாளிதழின் நகரப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. அதைக் கத்தரித்து என் கடையில் ஆம்ப்ளிஃபையருக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். பெசன்ட் நகர், மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் என்று போகிற அந்தப் பட்டியலில் பேசின் பிரிட்ஜைத் தாண்டி வடக்கே ஓர் இடம்கூட இல்லை. உங்கள் நிருபர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்றைக்கு எங்கள் தெருவிலும் ஓர் இசை நாள் நடந்தது. அது பட்டியலில் வராமல் போனதுதான் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. வந்திருந்தால் நீங்கள் போட்டோகிராபரை அனுப்பியிருப்பீர்கள்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அப்பா காலத்தில் ஒரு ரிக்கார்டு பிளேயர், இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு மீன்பாடி வண்டி, அவ்வளவுதான் கடை. இப்போது கூம்புக்கு அனுமதி கிடையாது. பாக்ஸ், மிக்சர், குட்டி யானை எல்லாம் வந்துவிட்டன. காதுகுத்து, கூழ் ஊற்றுதல், ஜெபக் கூட்டம், மீலாது விழா, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் அதே மைக்தான், துடைத்துக் கொடுப்பேன். 31 வருஷமாக மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இடத்தில் உட்கார்ந்தால் பாடுகிறவன் முகமும் தெரியும், கேட்கிறவன் முகமும் தெரியும். இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் போன கச்சேரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உலக இசை தினமான ஜூன் 21 இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வடசென்னையில் அன்றைக்கு ஓர் இசை நாள் வேண்டும், அது மேடையும் மைக்கும் இல்லாமல் நடக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம். "இன்னாயா, உன் பொழப்புல நீயே மண்ண வாரிப் போட்டுக்கினு கீற" என்கிறாள் வீட்டுக்காரி. சக மைக் செட்காரர்கள் இன்னும் மோசமாகத் திட்டுகிறார்கள், அதை எழுத முடியாது.

போன வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேர் சேர்ந்து விழாக் குழு போட்டோம். நானும் ஒருவன். எங்களுக்குத் தெரிந்த விழா ஒன்றே ஒன்றுதான்: பந்தல், மேடை, பிளெக்ஸ், சிறப்பு விருந்தினர், பொன்னாடை. அதையே செய்தோம். தெருவில் வசூல் பண்ணிச் செலவழித்தது 55,100 ரூபாய். அதில் பந்தலுக்கும் மேடைக்கும் 18,000. பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு மட்டும் 9,800. மைக் செட்டுக்கு நான் வாடகை வாங்கவில்லை, பையன்கள் இரண்டு பேர் கூலி மட்டும் வாங்கினேன். வாசிக்க வந்தவர்களுக்கு வழிச்செலவு என்று கொடுத்தது மொத்தமாக 4,000. பிளெக்ஸில் விருந்தினர்கள் ஒன்பது பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவர் படம் ஒன்றுகூட இல்லை. இதை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. பிறகு பிளெக்ஸை மழைக்குக் கடை மேல் போர்த்தும்போதுதான் கவனித்தேன்.

ஐந்து மணிக்குத் தொடங்குவதாக நோட்டீஸ். விருந்தினர் வந்தது 7.40-க்கு. அதுவரை செல்போனில் பாட்டுப் போட்டுச் சமாளித்தேன். இசை நாளன்று ரெக்கார்டு பாட்டு! வந்த பிறகு 22 பொன்னாடை. ஒருவர் பேர் விட்டுப்போய் இன்னொன்று வாங்கிவர ஆள் ஓடினான். பேச்சு முடிந்தபோது மணி 9.15. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி, எனக்கு மனப்பாடம். ஆக மீதி இருந்தது முக்கால் மணி நேரம், காத்திருந்தது 14 குழு. கரோக்கி டிராக் கொண்டுவந்தவர்கள் முண்டியடித்து ஏறினார்கள், டிராக் போட்டால் மைக் ஒன்று போதும், வயர் மாற்ற வேண்டாம் என்று நானும் அவர்களைத்தான் முதலில் விட்டேன். என் சோம்பேறித்தனம் அது. டோலக், தபேலா வைத்திருந்தவர்கள் கடைசிக்குப் போனார்கள். போதாததற்கு ஜெனரேட்டர் ஒரு முறை நின்று, திரும்ப வந்தபோது பாக்ஸ் கொய்ங்கென்று ஊளையிட்டதில் முன்வரிசைக் குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

சொல்ல வெட்கமான இன்னொன்றும் உண்டு. இரண்டு தெரு தள்ளி இருக்கும் பையன்கள் பறையும் சட்டி மேளமும் கொண்டு வருகிறோம் என்று கேட்டபோது, குழுவில் பெரியவர்கள் சிலர், "நல்ல நாள் அதுவுமா சாவு மேளம் எதுக்குப்பா" என்று தட்டிக் கழித்துவிட்டார்கள். நான் ஒன்பது பேரில் ஒருவன், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையன்கள் விழாவுக்கு வந்தார்கள். எதிர்க் காம்பவுண்டு சுவர் மேல் உட்கார்ந்து, கரோக்கி பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிக்சரிலிருந்து பார்த்தால் நேர் எதிரே அந்தச் சுவர்தான்.

பத்துக்கு மைக்கை அணைத்தேன். நாற்காலி அடுக்க ஆரம்பித்தாயிற்று. நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த பெரியவர் ஒருவர், நாலு மணியிலிருந்து மடியில் துண்டு போர்த்திய புல்புல்தாராவோடு உட்கார்ந்திருந்தவர், தெருவிளக்குக் கம்பத்துக்கு அடியில் வந்து குத்துக்காலிட்டார். புல்புல்தாராவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நீளப் பெட்டி, மேலே கம்பிகள், இடது கைக்கு டைப்ரைட்டர் மாதிரி பித்தான்கள். பேஞ்சோ என்றும் சொல்வோம். அவருடையதில் பித்தான்கள் மூன்று உடைந்து, அந்த இடத்தில் ஐஸ் குச்சி ஒட்டியிருந்தது. கம்பியை மீட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு. உற்றுப் பார்த்தேன், காலாவதியான ஏடிஎம் கார்டை முக்கோணமாக வெட்டியிருந்தார். "பணம் வர்ல, பாட்டாவது வரட்டும்" என்றார்.

சின்னக் குரல் அந்தக் கருவிக்கு. நாலடி தள்ளி நின்றால் கேட்காது. அதனால் ஆட்கள் கிட்டே வந்தார்கள். நாற்காலியை அடுக்கியவன் அடுக்கியதை விட்டுவிட்டு வந்தான். சுவர் மேல் இருந்த பையன்களில் ஒருவன் இறங்கி வந்து காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு விரல் நுனியால் தட்டினான், பெரியவர் சத்தத்துக்கு மேல் போய்விடாமல் அடக்கி. பத்து நிமிஷம் இருக்கும். ஊர் தூங்கும் நேரமாயிற்றே என்று நான்தான் போய் நிறுத்தினேன். முந்நூறு நாற்காலி போட்டும் வராத ஒரு உட்கார்வு அந்தக் கம்பத்தடியில் வந்தது. வயரைத் தப்பாகச் சுற்றி, மறுநாள் பிரித்துச் சுற்றினேன்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, என் தொழிலில் அது அரிச்சுவடி. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 85 டெசிபல் வைக்கும் டோலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டரில் 79, 4-ல் 73, இப்படியே போய் 32 மீட்டரில் 55-க்கு வந்துவிடும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் விதி அனுமதிக்கும் அளவும் அதே 55. என் பாக்ஸ் 110 வைக்கும். அது 55-க்கு இறங்க அரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். இருபுறமும் சுவர் இருக்கிற எங்கள் சந்துகளில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, இரண்டுமே கொஞ்சம் கூடும். ஆனால் விஷயம் விளங்கும். மைக் போட்ட ஒரே குழு அரை கிலோமீட்டர் வட்டத்தைத் தின்றுவிடும். உள்ளே வேறு எவனும் வாசிக்க முடியாது, அல்லது அவனும் என்னிடம் வந்து இதைவிடப் பெரிய பாக்ஸ் கேட்பான். ஆடி மாதத்தில் இரண்டு கோயில் எதிரெதிரே செட் போட்டால் நடப்பது அதுதான். எனக்கு அன்று நல்ல வருமானம், தெருவில் நோயாளி இருக்கும் வீட்டுக்கு நரகம். மைக் இல்லையென்றால் ஒரே பூங்காவில் நாலு மூலைக்கு நாலு குழு உட்காரலாம்.

இது என் சொந்த யோசனை என்று பெருமையடிக்கவில்லை. தங்கச்சியைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கொடுத்திருக்கிறோம் (நமக்கும் இங்கே ஒரு முத்தியால்பேட்டை உண்டு, சொந்தத்தில் அதை வைத்துப் பண்ணும் கிண்டல் இன்னும் ஓயவில்லை). மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் 21 அங்கே இருந்தேன். சாயங்காலம் தெரு முனையில் நாலு பேர் கிடார், கொஞ்ச தூரத்தில் ஒரு பையன் மிருதங்கம். டிக்கெட் இல்லை, வரவேற்புரை இல்லை. பிரெஞ்சு படித்த வாத்தியார் ஒருவர் விளக்கினார். 1982-ல் பிரான்சில் ஜாக் லாங் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது, இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மொரீஸ் ஃப்ளூரே என்பவரோடு சேர்ந்து தொடங்கியதாம். இளைஞர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு கருவி வாசிக்கத் தெரிந்தவர் என்று ஒரு கணக்கெடுப்பில் தெரிந்ததாம். அவ்வளவு பேர் வீட்டுக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தால் எப்படி, தெருவுக்கு வரட்டும் என்று நினைத்தார்களாம். 'இசைத் திருவிழா' என்பதும் 'வாசியுங்கள்' என்பதும் அவர்கள் மொழியில் ஒரே மாதிரி ஒலிக்குமாம். இப்போது நூறு நாடுகளுக்கு மேல் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் வாசியுங்கள் என்று சொன்னதை நாம் வந்து உட்காருங்கள் என்று மாற்றிவிட்டோம், அதுதான் கோளாறு.

ஜூன் 21 வடக்கு உலகத்தில் நீண்ட பகல் உள்ள நாள் என்பதால் தேர்ந்தெடுத்தார்களாம். பாரிசில் அன்று இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். நமக்கு 6.35 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். நாலரைக்கு முன்னால் வெயிலில் டோலக்கை வெளியே எடுக்க முடியாது. ஆக நம்முடைய இசை நாள் நாலரை முதல் எட்டு வரைதான், ஏழுக்குப் பிறகு தெருவிளக்கு. ஜூன் மாதத்தில் பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் திடீரென்று இடி மழை கொட்டுவதும் உண்டு. தோல் கருவி ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ஒதுங்க ஒரு கூரை பார்த்து வைக்க வேண்டும். இதை எந்த விழாக் குழுவும் யோசிக்காது, பந்தல் போட்டு 18,000 கொடுக்கும்.

வடசென்னைக்கு இசை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்ட வேண்டிய சரக்கில்லை. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இருக்கிறார், அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் மணலியில் இருந்தவர். ஜமீன்தார் முதலியார் குடும்பம் அவர் அப்பாவை ஆதரித்தது. அங்கிருந்து கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரன் பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார், அதைத்தான் நோட்டு ஸ்வரம் என்கிறார்கள். தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடினார். அவர் சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்தது முத்தியால்பேட்டையிலும் திருவொற்றியூரிலும். வள்ளலார் ஏழுகிணற்று வீட்டிலிருந்து திருவொற்றியூருக்குப் போய் வடிவுடையம்மனைப் பாடினார். சபாக்கள் தெற்கே போவதற்கு முன்னால் ஆர்மேனியன் தெரு கோகலே ஹாலில் கச்சேரி கேட்கக் கூட்டம் கூடியது.

தீட்சிதர் கேட்ட அந்தக் கோட்டை பேண்டின் வாரிசு யார் என்று என்னைக் கேட்டால், கல்யாணத்துக்கும் சாவுக்கும் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஊதுகிறார்களே, எங்கள் பேண்டு செட்காரர்கள், அவர்கள்தான் என்பேன். கோட்டில் பித்தான் போயிருக்கும், சுதி போயிருக்காது. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கிடார், ராயபுரம் மாதா கோயில் கொயர், தஃப் அடித்துப் பாடும் பக்கீர்கள், சவுகார்பேட்டை மார்வாடிப் பெண்களின் பஜனை, வியாசர்பாடி கானா. கானாவை விளக்க வேண்டியதில்லை, அது சினிமா வழியாக உலகத்துக்கே போயாயிற்று. ஆனால் கானாவை அதன் இடத்தில், சாவு வீட்டு ராத்திரியில், பதினாறாம் நாள் படத்துக்கு முன்னால் வாசித்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்? பாட்டுக்கு நடுவே இறந்தவர் பெயரை, அவர் ஓட்டிய வண்டியை, குடித்த டீக்கடையைச் சேர்த்துப் பாடுவான். அன்றன்றைக்குக் கட்டுகிற பாட்டு.

இதில் எனக்கே தீர்மானம் இல்லாத ஓர் இடம் உண்டு. எங்கள் தெருவில் மாவரைக்கும் மிஷின் வைத்திருக்கும் அக்கா ஒருவர் ஒப்பாரி வைத்தால் வந்தவன் போனவன் எல்லாம் நின்றுவிடுவான். இசை நாளில் பாடுங்கக்கா என்று கேட்கப் போனேன். மாவு படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏன்டா, பொணம் இல்லாம அழச் சொல்றியா? எவன் வூட்டு மேல கண்ணு உனக்கு?" என்றார். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது, அது வழக்கம், நான் கேட்டது தப்பு. தலையைக் குனிந்து திரும்பினேன். பின்னாலேயே கூப்பிட்டு, "தாலாட்டு வேணா பாட்றேன், ஆனா மைக்கு வெச்சன்னா எந்திரிச்சிப் போய்டுவேன்" என்றார். மைக் இல்லை என்றதும், "அப்ப இன்னாத்துக்கு நீ வர்ற?" என்று கேட்டுவிட்டு மிஷினைப் போட்டுவிட்டார்.

இலவசம் என்ற சொல்லில் ஒரு சூது இருக்கிறது. கேட்கிறவனுக்கு இலவசம், சரி. வாசிக்கிறவனுக்கு? ஆசைக்குப் பாடுகிற மாணவன், கோயில் பஜனைப் பெண்கள், கொயர் பிள்ளைகள் காசு கேட்க மாட்டார்கள். பேண்டு செட்காரர், நாயனக்காரர், மேளக்காரர் அப்படி இல்லை. ஜூன் 21 ஆனி மாதம், முகூர்த்த மாதம். அதை விட்டால் ஆடியில் கல்யாணமே கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டு, கலைச்சேவை பண்ணு என்று அவரைக் கூப்பிடுவது அக்கிரமம். தொழிலாக வாசிக்கிறவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். எங்கிருந்து? மேடையிலிருந்துதான். மேடை, ஜெனரேட்டர், பிளெக்ஸ், பொன்னாடை இந்த நாலையும் எடுத்துவிட்டால் போன வருஷக் கணக்கிலேயே 41,500 மிஞ்சுகிறது. தெருவில் இந்த முறை அதில் பாதி வசூலித்தால் போதும்.

ஒரு கானாப் பையன், "அண்ணே, சினிமாப் பாட்டு வாசிச்சா கேஸ் போடுவாங்களாமே" என்று பயந்தான். எங்களிடம் செட் எடுக்கும் வக்கீல் ஒருவரைக் கேட்டேன். 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில், தொழில்முறை அல்லாத சங்கமோ குழுவோ காசு வாங்காமல் பார்வையாளருக்கு நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது என்று இருக்கிறதாம். கூலிக்கு வாசிக்கும் குழுவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் தங்கள் சொந்தச் சரக்கை வாசிக்கட்டும், அதுதான் எங்களுக்கும் வேண்டியது.

இடங்களைச் சுற்றிப் பார்த்து வைத்திருக்கிறேன். ராயபுரம் ரயில் நிலையத்துக்கு முன்னால். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பிய இடம், மரத்தடி நிழலும் உண்டு. ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது அங்கேதான், அன்றைக்கு மைக் செட் யாருடையது என்று அப்பாவிடம் கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம். திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்து வாசல், மழைக்கு ஒதுங்கலாம். காசிமேட்டில் ஞாயிறு காலை போகவே முடியாது, மீன் வாங்க ஊரே அங்கே இருக்கும். சாயங்காலம் ஐந்துக்கு மேல் காற்று நன்றாக வரும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயிருக்கும், அதனால் ஆண்கள் பாதிப் பேர் கரையில் இருக்க மாட்டார்கள், அது ஒரு குறைதான். கட்டுமரத்துப் பெரியவர்கள் அம்பா பாட்டுப் பாட வருகிறோம் என்கிறார்கள். வலை இழுக்கிற பாட்டு, இப்போது மோட்டார் இழுப்பதால் பாட்டுக்கு வேலையில்லை. ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் மட்டும் யாரும் போகக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். விதி இல்லாவிட்டாலும் உள்ளே படுத்திருக்கிறவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான்.

மாநகராட்சியிடமும் காவல்துறையிடமும் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. ஒலிபெருக்கி இல்லாததால் அதற்கான அனுமதி தேவைப்படாது. ஆனால் நாலு பேர் கூடி வாசித்தால் ரோந்து வரும் காவலர் என்ன ஏது என்று கேட்பார். அவர் கடமை அது. பத்து இடத்துக்குப் பத்துப் பேர் பத்து முறை அலையாமல், மண்டலத்துக்கு ஒரே கடிதம், அதன் நகல் ஒவ்வொரு குழுவின் கையிலும் இருந்தால் போதும். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர், இந்த மண்டலங்களின் பூங்காக்களில் அன்று எட்டரை வரை விளக்கு எரிய வேண்டும், கழிப்பறை திறந்திருக்க வேண்டும். பெண்கள் பாட வர வேண்டுமென்றால் இரண்டாவதுதான் முக்கியம். சென்னையை 2017-ல் யுனெஸ்கோ இசை நகரங்களில் சேர்த்திருக்கிறது. அந்தப் பெருமைக்கு வடக்கே ஒரு கழிப்பறைச் சாவி செலவாகட்டும்.

2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே கர்நாடகக் கச்சேரியும் பறையும் சேர்த்து விழா நடத்தினார்கள், நகரமே பேசியது. நல்ல காரியம். அங்கிருந்து வித்வான்கள் எங்கள் பக்கமும் வந்தால் சந்தோஷம். தரையில் உட்கார வேண்டும், சுதிப் பெட்டி பேட்டரியில் ஓட வேண்டும், வரிசையில் எங்கள் ஆளுக்குப் பின்னால் நிற்க வேண்டியும் வரலாம்.

கீபோர்டு வைத்திருக்கும் பிள்ளைகள் அழுகிறார்கள், கரண்டு இல்லாமல் எப்படி என்று. அதில் உள்ளேயே சின்ன ஸ்பீக்கர் இருக்கும், பேட்டரி போட்டால் ஓடும், அது போதும். நான் அன்றைக்கு டெசிபல் மீட்டரை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இடம் இடமாகப் போவதாக இருக்கிறேன்.

போன மாதம் அந்தப் பறைக்காரப் பையன்கள் தெருவுக்குப் போனேன். போன வருஷம் நான் பேசாமல் இருந்தது தப்பு என்று சொன்னேன். அவர்களில் மூத்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தினி மணிக்குண்ணா?" என்றான். நாலரைக்கு நீங்கள்தான் தொடக்கம் என்றேன். "பறைய காய்ச்சணும், நெருப்பு மூட்ட எடம் வேணும்" என்றான். பூங்காவில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். ஆகவே அவர்களுக்கு மட்டும் ராயபுரம் ஸ்டேஷன் எதிரே டீக்கடை அடுப்புப் பக்கம் இடம் பேசியிருக்கிறேன். பால் பொங்கும் நேரத்தில் மட்டும் அடுப்பைத் தரமாட்டேன் என்று டீக்கடைக்காரர் கண்டிஷன் போட்டிருக்கிறார்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் தீட்சிதரையும் டெசிபலையும் வெட்டிக்கொள்ளுங்கள், கழிப்பறையையும் கூலியையும் வெட்டாதீர்கள். என் கடைக் கதவில் ஒரு நாற்பது பக்க நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், வாசிக்க வருகிறவர்கள் அதில் எழுதிவிட்டுப் போகிறார்கள். இதுவரை 17 பெயர். ஏடிஎம் கார்டுப் பெரியவர் பெயர் எழுதத் தெரியாது என்று ஒரு புல்புல்தாரா படம் வரைந்திருக்கிறார், பித்தான்களை எண்ணிச் சரியாகப் போட்டு.

ஜூன் 21-க்கான உங்கள் பட்டியல் தயாராகும்போது எங்களிடமும் கேளுங்கள். இடமும் நேரமும் எழுதித் தருகிறேன். சிறப்பு விருந்தினர் யார் என்று உங்கள் நிருபர் கேட்டால், யாரும் இல்லை என்றே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மைக் செட்காரன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.